திணை மயங்கும் இடம்: இயந்திரமாக்கப்பட்ட மனிதர் கதையும் தமிழ் வினைமுற்றும்

முன்னுரை

பிறமொழித் தொலைக்காட்சியில் வந்த அறிவியல் புனைகதை ஒன்றைத் தமிழில் எடுத்துரைக்க முற்படுவோர் கலைச்சொற்களில்தான் இடர்ப்படுவர் என்பது பொதுவான எண்ணம். புக்கிட் தெங்காவில் தமிழாசிரியர் சிலரோடு அமர்ந்து, மனிதர்கள் இயந்திரங்களாக மாற்றப்படும் ஒரு பிரிட்டிஷ் தொடரின் கதையை நாம் சொல்லத் தொடங்கியபோது, இடர் வேறோர் இடத்தில் எழுந்தது. உயிரோடிருந்த ஒருவரின் மூளை எடுக்கப்பட்டு எஃகு உடலுக்குள் வைக்கப்படுகிறது. பின்பு அவ்வுருவம் எழுந்து நடந்து வருகிறது. ‘வந்தார்’ என்பதா, ‘வந்தது’ என்பதா?

ஆங்கிலத்தில் இவ்வினா இவ்வளவு விரைவாக எழுவதில்லை. அம்மொழியின் வினைச்சொல் திணை காட்டாது. படர்க்கை ஒருமைப் பெயரில் மட்டுமே வேறுபாடு தெரியும். பன்மைக்கு வந்துவிட்டால் மனிதருக்கும் மரப்பலகைக்கும் ஒரே சொல். ஆகவே கதையாசிரியர் விரும்பினால் ஒரு முழுக் காட்சியையும் முடிவு சொல்லாமலே நகர்த்திவிடலாம். தமிழில் அது கடினம். எழுவாயை மறைத்தாலும் வினைமுற்றின் ஈறு காட்டிக்கொடுத்துவிடும். பன்மையிலும் ‘அவர்கள்’, ‘அவை’ என்று பிரித்தே ஆகவேண்டும். கதை இறுதிவரை விடை கூறாமல் வைத்திருக்கும் வினாவுக்குத் தமிழில் சொல்பவர் முதல் வாக்கியத்திலேயே விடை கூறிவிடுகிறார். இதன் பொருள் என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையின் பிறப்பு

‘டாக்டர் ஹூ’ பிபிசி நிறுவனம் 1963ஆம் ஆண்டு தொடங்கிய தொடர். அதில் 1966 அக்டோபரில் நான்கு பகுதிகளாக ஒளிபரப்பான ‘பத்தாவது கோள்’ என்னும் கதையில்தான் சைபர்மனிதர்கள் முதன்முதலாகத் தோன்றினர். இவர்களைப் படைத்தவர்களுள் ஒருவர் கிட் பெட்லர். லண்டன் பல்கலைக்கழகத்தில் கண் தொடர்பான மருத்துவ ஆய்வு செய்தவர். தொடருக்கு அறிவியல் ஆலோசகராக இருந்தார். மற்றவர் தொடரின் கதைப்பிரிவைக் கவனித்த ஜெர்ரி டேவிஸ். பெட்லரின் அச்சம் ஒரு மருத்துவரின் அச்சம். பழுதான உறுப்புக்கு மாற்றாகச் செயற்கை உறுப்பு வைக்கலாம். அடுத்த உறுப்புக்கும் வைக்கலாம். இப்படியே சென்றால் எந்த உறுப்பை மாற்றும்போது அவர் மனிதரல்லாதவர் ஆகிறார்? உடலுக்குள் பொருத்தும் இதய முடுக்கி 1958ஆம் ஆண்டிலேயே சுவீடனில் வந்துவிட்டது. கதை ஒளிபரப்பாகி ஓராண்டும் சில வாரங்களும் கழிந்த நிலையில், 1967 டிசம்பரில், கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் மனித இதயத்தை மாற்றிப் பொருத்தினார். ஆகவே அக்காலப் பார்வையாளருக்கு இது வெறும் கட்டுக்கதையாக இருந்திருக்காது.

கதையில் பூமிக்கு இரட்டையாக ‘மொண்டாஸ்’ என்றொரு கோள் உண்டு. அதன் மக்கள் உயிர் பிழைக்கும் பொருட்டு உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டனர். இறுதியில் உணர்ச்சியும் ஒரு பலவீனமே எனக் கருதி அதனையும் நீக்கினர். 1966ஆம் ஆண்டுத் தோற்றத்தில் இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கன. அவர்களுடைய முகம் துணியால் மூடப்பட்டிருந்தது. ஆனால் கைகள் மனிதக் கைகளாகவே வெளியில் தெரிந்தன. மேலும் அவர்களுக்குக் கிரெயில், டாலன் என்பன போன்ற தனிப்பெயர்கள் இருந்தன. பிற்காலக் கதைகளில் கையும் உலோகத்துள் மறைந்தது. தனிப்பெயரும் பெரும்பாலும் வழக்கொழிந்தது. இம்மாற்றம் உடையமைப்பாளரின் வசதிக்காக நேர்ந்ததாகவும் இருக்கலாம். எனினும் பெயரும் கையும் ஒருசேர மறைந்தது நம் கருத்தைக் கவர்கிறது. காரணம் பின்னர் விளங்கும்.

எஃகுக் காலம்

2006 மே 13, 20 ஆகிய நாள்களில் வந்த இரு பகுதிக் கதையே நாம் புக்கிட் தெங்காவில் எடுத்துரைத்தது. எழுதியவர் டாம் மெக்ரே. இரண்டாம் பகுதியின் பெயர் ‘எஃகுக் காலம்’. இங்கே வேற்றுக் கோள் இல்லை. நம்முடையதைப் போன்ற மற்றொரு லண்டன் மாநகரம் உள்ளது. அங்கே ஜான் லூமிக் என்னும் பெருமுதலாளி நோயுற்றுச் சக்கர நாற்காலியில் சாவை எதிர்நோக்கியிருக்கிறார். அவருடைய நிறுவனம் விற்ற செவிக்கருவியை நகரத்தார் எல்லாரும் அணிந்திருக்கின்றனர். செய்தி, வானிலை, நகைச்சுவை யாவும் அதன்வழி நேரே மூளைக்குள் இறங்குகின்றன. (2006இல் இது வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். இன்று நம் மாணவர்களின் காதுகளைக் கண்ட ஆசிரியர்க்கு விளக்கம் தேவையில்லை.) ஒரு நாள் அக்கருவியின் வழியாகவே கட்டளை வருகிறது. மக்கள் வரிசையாகத் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள பழைய மின்னிலையத்துக்கு நடக்கின்றனர். அங்கே அவர்களுடைய மூளைகள் எஃகு உடல்களுக்குள் ஏற்றப்படுகின்றன.

இத்தொழிலுக்கு நிறுவனம் இட்ட பெயர் ‘தரமுயர்த்தல்’. முதலில் தரமுயர்த்தப்பட்டவர்கள், உணவு தருவதாகச் சொல்லி வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்ட வீடற்ற ஏழைகள். அவர்களைக் காணோம் என்று தேடுவார் எவருமிலர். கதையாசிரியர் இதனைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறார். நாம் அவ்வளவு விரைவாகக் கடக்க இயலாது.

ஒவ்வோர் எஃகு மார்பிலும் உணர்ச்சித் தடுப்பி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அது இல்லையேல், தமக்கு நேர்ந்ததை உணர்ந்த மூளை அதனைத் தாங்காது. கதையின் நடுவில், வீழ்ந்துகிடக்கும் ஓர் உருவத்தின் தடுப்பி பழுதடைகிறது. உள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் எழுகிறது. குளிர்கிறது என்கிறாள். மறுநாள் அவளுக்குத் திருமணம். திருமணத்துக்கு முந்தைய இரவில் மணமகன் தன்னைக் காணலாகாதே என்று கலங்குகிறாள். டாக்டர் அவளை அமைதியாக உறங்கச் செய்கிறார். இறுதியில் எல்லாத் தடுப்பிகளையும் ஒரே வேளையில் செயலிழக்கச் செய்யும் குறியீட்டை அவர் அனுப்புகிறார். படை முழுவதும் தன்னை உணர்ந்து, அவ்வுணர்வாலேயே அழிகிறது.

மேலுள்ள பத்தியை மீண்டும் நோக்குக. ‘உருவத்தின் தடுப்பி பழுதடைகிறது’ என்று தொடங்கிய நாம், ஒரே ஒரு வாக்கியம் தாண்டியதும் ‘என்கிறாள்’ என்று எழுதினோம். அப்படி எழுதுமாறு நம்மை யாரும் பணிக்கவில்லை. கை தானாகவே திணை மாறிற்று.

சுட்டும் தன்மையும்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தை இந்தப் பாகுபாட்டோடுதான் தொடங்குகிறார். உயர்திணையை ‘மக்கட்சுட்டு’ என்கிறார். ‘மக்கள்’ என்று மட்டும் கூறி நிறுத்தாமல் ‘சுட்டு’ என்னும் சொல்லையும் சேர்த்துள்ளமை எண்ணத்தக்கது. மக்கள் என்று சுட்டப்படும், அவ்வாறு கருதப்படும் பொருளே உயர்திணை என்று இதற்குப் பொருள் கொண்டால், திணை பொருளின் உடலில் இல்லை. சுட்டுவோரின் கருத்தில் உள்ளது. நன்னூலார் மக்கள், தேவர், நரகர் என விரித்துக் கூறும்போது பட்டியல் தெளிவாகிறது. ஆயினும் ‘சுட்டு’ என்னும் சொல் தந்த நெகிழ்ச்சி குறைந்துவிடுகிறது. நம் கதைக்கு உதவுவது பழைய இலக்கணமே.

இரு நூல்களுக்கும் இடையே இதனினும் பெரிய வேறுபாடு ஒன்று தன்மை இடத்தில் உண்டு. ‘நான்’, ‘நாம்’ என வரும் தன்மையை நன்னூலார் முன்னிலையோடு சேர்த்து இருதிணைக்கும் பொதுவாக்குகிறார். தொல்காப்பியரோ வினையியலில் தன்மை வினைகளை உயர்திணையோடு சேர்த்தே கூறுகிறார். முன்னிலையைத்தான் இருதிணைக்கும் பொதுவென வைக்கிறார். கேட்கும் இடத்தில் மாடும் மரமும் நிற்கலாம். பேசும் இடத்தில் நிற்பது மக்களே. ‘நான்’ என்று சொல்ல வல்லது உயர்திணை.

‘எஃகுக் காலம்’ கதையில் இதற்குப் பொருத்தமான காட்சி ஒன்று வருகிறது. பீட் டைலர் என்பவர் தம் மனைவி ஜாக்கியை மீட்க மின்னிலையத்துக்குள் நுழைகிறார். வரிசையில் நிற்கும் எஃகு உருவங்களுள் ஒன்று அவரை அடையாளம் கண்டு, தான் முன்னர் ஜாக்கி டைலராக இருந்ததாகக் கூறுகிறது. குரலில் துயரமோ அன்போ இல்லை. சற்று நேரத்தில் அது வரிசைக்குள் கலந்துவிடுகிறது; எல்லா உருவங்களும் ஒரே தோற்றம் உடையன ஆதலின் எது ஜாக்கி என்று பீட்டால் கண்டறிய முடிவதில்லை. நன்னூல் வழி நோக்கினால் அவ்வுருவம் ‘நான்’ என்றதால் எதுவும் முடிவாகவில்லை. தொல்காப்பிய வழி நோக்கினால், அச்சொல்லை வாயெடுத்தபோதே அது உயர்திணையாகிவிட்டது. ஆனால் ‘இருந்தேன்’ என இறந்தகாலத்தில் அல்லவா அது தன் பெயரைச் சொல்கிறது? பெயரைத் துறக்கும் வாக்கியத்தைக்கூடத் தன்மை வினையால்தான் முடிக்க வேண்டியிருக்கிறது. இம்முரண் ஆங்கில மூலத்திலும் உண்டு. தமிழில் அது இலக்கணமாகவே தெரிகிறது.

இங்குப் ‘பொறி’ என்னும் சொல்லையும் நினைவுகூரலாம். சீவக சிந்தாமணியில் விசயை ஏறிப் பறக்கும் மயிலும் பொறி. கண், செவி முதலிய புலன்வாயில்களும் பொறி. இயந்திரத்துக்கும் உடலுறுப்புக்கும் ஒரு சொல்லைப் பயன்படுத்திய மொழியில், பெட்லரின் வினா புதியதாகத் தோன்றாது. ஐம்பொறிக்கு அப்பால் ஆறாவதாக மனத்தை வைத்து மக்களை வேறுபடுத்துகிறது மரபியல். சைபர்மனிதர்க்கு அறிவு குறையவில்லை. மெய்ப்பாடு தோன்றுவதற்கு மெய் இல்லை. அந்த மணப்பெண் உணர்ந்த குளிர், இல்லாத தோலின் குளிர்.

அடிமை வந்தது

கிளவியாக்கத்தின் இறுதிப் பகுதியில் நம் ஆசிரியர்கள் விரைந்து கடந்துபோகும் நூற்பா ஒன்று உண்டு. பொருளால் உயர்திணையாக இருந்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொல்காப்பியர் பதினெட்டு வகையாக அங்கே தொகுக்கிறார். குழவி, மகவு, விருந்து, அரசு, குழு ஆகியவை அவற்றுள் அடங்கும். ‘குழந்தை அழுதது’ என்பதற்கு இலக்கணம் இதுவே. அதே பட்டியலில் ‘அடிமை’ இருக்கிறது. உறுப்பால் ஒருவரைக் குறிக்கும் சொற்களும் இருக்கின்றன. அன்பு மிகுதியால் சொல்வதும், சினத்தால் சொல்வதும் இருக்கின்றன. இவை யாவும் சொல்லுவோரின் குறிப்பால் உணரப்படுவன என்றும் அவர் கூறிவிடுகிறார்.

ஆக, மனிதர் அஃறிணையாவதற்கு எஃகு வேண்டியதில்லை. அன்பு போதும், அடிமைத்தனமும் போதும். இரண்டுக்கும் ஒரே வினைமுற்று.

உறுப்பால் சுட்டும் வழக்கை ஆங்கிலத் தொழிற்சாலை நன்கறியும். அங்கே தொழிலாளிக்குப் பெயர் ‘கை’. இத்தனை கைகள் தேவை என்று விளம்பரம் செய்த காலம் உண்டு. 1966ஆம் ஆண்டுச் சைபர்மனிதரிடம் எஞ்சியிருந்த உறுப்பும் கையே. ‘ரோபோ’ என்று நாம் வழங்கும் சொல்லும் தொழிலிலிருந்தே பிறந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ என்னும் நாடகத்தின் வழியாக அது உலகெங்கும் பரவியது. அதன் வேர்ச்சொல் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும். சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பாலானவையும் அல்ல. செயற்கையாக உருவாக்கப்பட்ட தசையுடல் கொண்டவை.

தமிழிலிருந்து சென்ற சொல் ஒன்றும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. ‘கூலி’ என்பது நமக்கு உழைப்பின் ஊதியம். தெளிவான அஃறிணைப் பெயர். காலனிய ஆவணங்களில் ஊதியத்தின் பெயரே ஆளின் பெயராயிற்று. பின்பு அதே பொருளில் நம்மிடம் திரும்பி வந்து ‘கூலிகள்’ என்று பன்மையும் பெற்றது. (இச்சொல்லின் பிறப்புப் பற்றி வேறு கருத்துகளும் உள, தமிழ்க் ‘கூலி’யின் பங்கை மறுப்பார் சிலரே.)

செபராங் பிறை முழுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பரந்திருந்தன. அவற்றில் உழைக்க ஒப்பந்த முறையில் தமிழர் கொண்டுவரப்பட்டனர். பின்னர் கரும்பு போய் இரப்பர் வந்தது. ஒப்பந்த முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் குடிபெயர்வைத் தடுத்தது. தோட்டத்து நாள் பெரட்டில் தொடங்கும். விடியுமுன் வரிசையில் நின்று பெயர் சொல்லக் கேட்டு, ஆள் எண்ணிக்கை முடிந்து, நிரைக்குப் பிரிந்து செல்வர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் நிலை இதனினும் நம் கதைக்கு நெருக்கமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கழுத்தில் தோட்டக் குறியும் எண்ணும் பொறித்த தகரவில்லை கட்டி அனுப்பப்பட்டனர். உலோகம் மனித உடலில் ஏறுவதற்கு எதிர்காலம் வரவேண்டியிருக்கவில்லை.

பினாங்கில் 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரம் தொடங்கியபின் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. நுண்நோக்கியில் கண் பதித்து, முடியிலும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தும் வேலைக்குக் கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் வந்தனர். கடலுக்கு இக்கரையில் பிறை, ஜூரு, புக்கிட் தெங்கா வட்டாரங்களும் தொழிற்பேட்டைகளாயின. இன்று புக்கிட் தெங்காவில் பணிநேரம் மாறும் வேளையில் பேருந்துகளிலிருந்து இறங்குவோரில் நேப்பாளியர், வங்காளதேசத்தார், மியன்மார் மக்கள் பலர். கழுத்தில் அட்டை, அட்டையில் எண். அவர்களைப் பற்றி நம் வீடுகளில் எவ்வாறு பேசுகிறோம்? நாட்டுப் பெயரையே ஆளுக்கும் பெயராக்கி, ‘வந்துச்சு’, ‘போச்சு’ என முடிப்பதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். பேச்சு வழக்கில் வீட்டுப் பிள்ளையையும் ‘வந்துச்சு’ என்கிறோமே என்று சிலர் விடையிறுக்கலாம். உண்மைதான். பட்டியலில் காதலும் இருக்கிறது, அடிமையும் இருக்கிறது. எக்குறிப்பால் சொன்னோம் என்பது சொன்னவருக்குத் தெரியும். கரும்புத் தோட்டத்துக்கு எண்ணிக்கையாய் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம் என்பதால் இவ்வினா நம்மைச் சற்றுக் கூடுதலாக உறுத்தவேண்டும்.

ஜீனோ

தமிழ் அறிவியல் புனைகதை இத்துறையில் எதிர்த்திசையிலிருந்து வந்து சேர்ந்தது. சுஜாதா ஆனந்த விகடனில் 1980களில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ பின்னர் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. ‘மீண்டும் ஜீனோ’ என்று அதற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. இக்கதையில் மனிதர் எவரும் எஃகு உடல் பெறுவதில்லை. ஆனால் ஜீவா என்னும் தலைவரின் ஆட்சியில் மக்களின் பெயர்கள் சுருக்கப்பட்டுவிட்டன; குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். சர்வாதிகாரி ஜீவாவோ வெறும் முப்பரிமாண ஒளிப்பிம்பம். இவர்களுக்கு நடுவில் ஜீனோ என்னும் இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, ஐயம் கொள்கிறது, நிலாவின் மீது பரிவு காட்டுகிறது.

ஜீனோ நாய் என்பதால் ஒரு முறையும், இயந்திரம் என்பதால் மறுமுறையும் அஃறிணை. சுஜாதாவும் அதற்கு அஃறிணை வினையே தருகிறார். அது ‘என்றது’ என்று முடியும்போதெல்லாம் வாசகர்க்குக் குறையேதும் தோன்றுவதில்லை. தொல்காப்பியர் சொன்ன அந்த அன்பின் குறிப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. மாறாக, உயர்திணை வினை பெற்று உலவும் குடிமக்களில் பலர் ஏவலுக்கு ஏற்ப இயங்குவோராகவே தெரிகின்றனர். லண்டன் கதை அறுவைக் கருவி கொண்டு செய்ததைச் சுஜாதா பதிவேட்டைக் கொண்டு செய்துவிட்டார். கலைநோக்கில் ஒளிப்பிம்ப உத்தி இன்று சற்றுப் பழையதாகத் தோன்றினும், ஜீனோ பழையதாகவில்லை.

வகுப்பறையில்

இக்கதையை இடைநிலைப் பள்ளி மாணவர்க்குத் திணை, திணைவழுவமைதி ஆகியவற்றைக் கற்பிக்கப் பயன்படுத்தலாம் என்பது நம் கருத்து. ‘உயர்திணை, அஃறிணை எனத் திணை இருவகைப்படும்’ என்று மனனம் செய்வித்து, மேசை, ஆசிரியர், பூனை என எடுத்துக்காட்டுக் கொடுக்கும்வரை மாணவர் இதில் சிந்திக்க ஏதுமில்லை. விடை ஐயமற்றது. மணப்பெண் காட்சியைச் சொல்லி, ஐந்து வாக்கியங்களில் எழுதச் சொன்னால் ஐயம் தொடங்கும். எந்த வாக்கியத்தில் ‘அது’ ‘அவள்’ ஆகிறது? குளிர்கிறது என்று சொன்னபோதா? திருமணத்தை நினைவுகூர்ந்தபோதா? பெயரைச் சொன்னபோதா? தடுப்பி பழுதடையாமல் இருந்திருந்தால் அவள் அங்கே இல்லையா?

இப்பயிற்சியைத் திருத்தும்போது ஆசிரியர் ஒன்றில் கவனமாக இருத்தல் வேண்டும். ஒரே பத்தியில் ‘வீழ்ந்தது’ என்றும் ‘அழுதாள்’ என்றும் ஒரு மாணவர் எழுதினால் அதனைத் திணைவழு எனச் சிவப்பு மையால் வட்டமிடும் பழக்கம் நமக்கு உண்டு. முதலில் மாணவரை அழைத்து ஏன் மாற்றினாய் என்று கேட்பது நன்று. கவனக்குறைவு என்றால் வழு. கருதி மாற்றினேன் என்றால் வழுவமைதி.

ஜான் லூமிக் குறித்தும் ஒரு சொல். தம் இறுதி மூச்சின்போதுதான் தரமுயர்த்தப்பட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொள்கிறார். அவர் படைத்தவை அதற்கு இணங்காமல் அவரைத் தூக்கிச் சென்று தம் தலைமை உருவாக மாற்றிவிடுகின்றன. அதன்பின் அவ்வுருவம் நிகழ்த்தும் உரைக்கு எந்த வினைமுற்றை இடுவது என்பதில் நம்மோடு இருந்த ஆசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. ‘முழங்கினார்’ என்று மரியாதைப் பன்மையில் முடிக்கவேண்டும் என்றார் ஒருவர். முதலாளி அல்லவா என்பது அவர் சொன்ன காரணம்.